இறப்பேட்டில் இடக்கரடக்கல்

நம் தோட்டப்புறங்களில் ஒரு குழந்தை இறந்துவிட்டால், 'செத்தது' என்று யாரும் சொல்லுவதில்லை. 'பிள்ளை தவறிவிட்டது' என்பார்கள். நாகரிகமான வழக்குத்தான், கேட்பவர் செவிக்கும் பெற்றவர் மனத்துக்கும் இதமான வழக்கு. ஆயினும், இலக்கணம் பயிற்றும் ஆசிரியன் ஒருவன் இத்தொடரைச் சற்று நின்று நோக்குவானாயின் அவனுக்கு ஓர் ஐயம் பிறக்கும். தவறியது யார்? இத்தொடரில் எழுவாய் பிள்ளை, பயனிலை தவறிவிட்டது. நோயால் இறந்த குழந்தைக்கு இவ்வழக்குப் பொருந்தும். அடிபட்டோ, பட்டினி கிடந்தோ, கவனிப்பார் இன்றியோ இறந்த குழந்தைக்கும் இதே தொடரைத்தான் நாம் வழங்குகிறோம். அங்கே தவறியவர் வேறொருவர். ஆனால் தவறு என்னும் வினை குழந்தையின் பெயரோடு போய் ஒட்டிக்கொள்கிறது.

பேச்சில் இவ்வாறு நேர்வதைப் பொறுத்துக்கொள்ளலாம். அரசாங்கத்தின் இறப்பேட்டிலும் இவ்வாறே நேர்ந்தால் என் செய்வது? அதுவே இக்கட்டுரை ஆராயப் புகுந்த பொருள்.

கொடுமையாலும் புறக்கணிப்பாலும் பிள்ளைகள் இறப்பதைச் சரியாகக் கணக்கெடுப்பதற்கென்று சில நாடுகளின் அரசாங்கங்கள் கடந்த சில பத்தாண்டுகளாகப் பொதுப்பணத்தைச் செலவிட்டு வருகின்றன. இச்செய்தியை ஆசிரியர் அறையில் நான் சொன்னபோது நண்பர் ஒருவர் கேட்டார்: "இறந்த பிள்ளையை எண்ணுவதற்குப் பணமா? அந்தக் காசை உயிரோடு இருக்கிற பிள்ளையின் பாலுக்குக் கொடுத்தால் ஆகாதா?" நியாயமான கேள்வி. இதற்கு விடை காணவேண்டுமானால் இறப்பேட்டைத் திறந்து படித்தல் வேண்டும். நாம் செய்யுளையும் சிறுகதையையும் திறனாய்வு செய்கிறோம். இறப்பேடும் மனிதர் எழுதிய நூலே. அதற்கும் ஒரு நடை உண்டு, சொல்லாட்சி உண்டு, சொல்லாமல் விட்டவையும் உண்டு.

மூவகைத் தகுதி வழக்கு

பவணந்தியார் தம் நன்னூலில் தகுதி வழக்கை மூன்றாகப் பகுத்தார் என்பது நம் மாணவரும் அறிந்தது. அவை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்பன. அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துக் கூறுவது இடக்கரடக்கல். அமங்கலமானதை மங்கலச் சொல்லால் கூறுவது மங்கலம். சுடுகாட்டை நன்காடு என்பது போல. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி வைத்துக்கொள்ளும் பெயர் குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது போல.

இம்மூன்றும் மனிதர் மனம் நோகாமல் பேசுவதற்காக ஏற்பட்டவை. வாழ்க்கைக்கு அவை வேண்டும். ஆனால் ஓர் ஏடு என்பது மனம் நோகாமல் பேசுவதற்கு ஏற்பட்டதன்று. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு பின்வருவார்க்குச் சொல்லுவதற்கு ஏற்பட்டது. இறப்புக் காரணம் என்னும் கட்டத்தில் இம்மூவகை வழக்கும் நுழைந்துவிட்டால், பின்வருவார் எதனை அறிவார்?

நம் பாட்டிமார் குழந்தை இறப்புக்குச் சொன்ன காரணங்களை நினைவுகூருங்கள். மாந்தம், கணை, செவ்வாப்பு, சீர். இவற்றுள் மெய்யான நோயும் உண்டு. நோயின் பெயரால் மூடப்பட்ட பசியும் உண்டு. மருத்துவர் பாராத இறப்பாயின் ஏட்டில் ஏறுவது வீட்டார் சொன்ன சொல்லே. 'காய்ச்சல்' என்றோ 'வலிப்பு' என்றோ ஒரு சொல் எழுதப்படும், குழந்தை புதைக்கப்படும், ஏடு மூடப்படும். வலிப்பு வந்தது உண்மையாகவே இருக்கலாம். தலையில் பட்ட அடியாலும் வலிப்பு வரும் என்பதை அந்தச் சொல் தெரிவிக்காது.

தோட்டத்துக் கணக்கு

நம் தோட்டங்கள் கணக்கெழுதுவதில் ஒருகாலும் குறை வைத்ததில்லை. விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் பதிந்தார்கள். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை, எத்தனை ராத்தல் பால் இறங்கியது, யாருக்கு அரை நாள் சம்பளம் என்பதெல்லாம் கிராணியாரின் புத்தகத்தில் பிழையின்றி இருக்கும். ஏனெனில் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் காசு இருந்தது. பால் வெட்டப் போன தாய் ஆயாக்கொட்டகையில் விட்டுச் சென்ற கைக்குழந்தைக்குச் செக்ரோலில் இடமில்லை. அது வேலைக்கு வருவதுமில்லை; வராவிட்டால் யாருக்கும் நட்டமுமில்லை.

கணக்கில் ஏறாமற்போன இறப்பின் வலியை நம்மவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1942 முதல் 1945 வரை சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட நம் மக்களுள் பல்லாயிரவர் திரும்பவில்லை. போர்க்கைதிகளாய் மாண்ட வெள்ளையர்க்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர்க்கு அத்தகைய பெயர்ப் பட்டியல் இல்லை. எண்ணாதவரை மறப்பது எளிது என்பதை மூன்று தலைமுறையாக நாம் அறிந்திருக்கிறோம். ஆதலின் எண்ணுவது வீண்வேலை என்று நாம் சொல்லலாகாது.

'சமூகக் காரணங்கள்'

இனித் தமிழ்நாட்டு ஏடு ஒன்றைப் பார்ப்போம். இக்கட்டுரையின் உயிர்நிலை அதுவே.

மதுரை மாவட்டத்து உசிலம்பட்டி வட்டாரத்தில் பிறந்த பெண்குழந்தைகள் சில நாட்களுக்குள் கொல்லப்படும் கொடுமையை 1986-ல் ஓர் ஆங்கில இதழ் வெளியிட, நாடே திடுக்கிட்டது. 1992-ல் தமிழக அரசாங்கம் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிற்று. வளர்க்க இயலாத பெண்குழந்தையைக் கொல்லாமல் அரசாங்கத் தொட்டிலில் விட்டுச் செல்லலாம் என்பது திட்டம். எங்கே, எத்தனை, எந்த வயதில் என்ற கேள்விகளுக்கு மட்டும் யாரிடமும் திட்டமான விடை இல்லை என்றே பலரும் கருதினர்.

விடை இருந்தது. அது ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளில் கிடந்தது. ஊர் ஊராகச் செல்லும் கிராம சுகாதாரச் செவிலியர், தம் பகுதியில் இறந்த குழந்தைகளுக்கு எதிரே காரணம் எழுதி வந்தனர். குறைப்பிரசவம், நிமோனியா, வயிற்றுப்போக்கு என்ற வழக்கமான காரணங்களுக்கிடையே ஒரு புதுமையான தொடர் காணப்பட்டது: 'சமூகக் காரணங்களால் இறப்பு'. அதன் பொருள் பெண்சிசுக் கொலை என்பதே.

ஆட்சிப்பணி அதிகாரி ஷீலா ராணி சுங்கத், பொருளியல் அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயா ஆகிய இருவரும் 1995ஆம் ஆண்டின் அப்பதிவேடுகளைத் தொகுத்து ஆராய்ந்து 1997-ல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். டென்மார்க்கு அரசாங்கத்தின் டானிடா உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் வழியே, 1990களின் பிற்பாதியில் வீடுதோறும் பிறப்பு இறப்புகளைக் கேட்டறியும் விரிவான ஆய்வும் நடைபெற்றது. இவற்றால் விளங்கியவை பல. கொடுமை ஓர் ஊருக்கோ ஒரு சாதிக்கோ உரியதன்று; மதுரை, சேலம், தருமபுரி முதலிய மாவட்டங்களில் குறிப்பிட்ட சில ஒன்றியங்களில் செறிந்திருந்தது; பிறந்த முதல் சில நாட்களிலேயே நிகழ்ந்தது; தலைப்பெண்ணைவிட அடுத்தடுத்துப் பிறந்த பெண்களையே மிகுதியும் வாட்டியது.

இப்போது அந்தத் தொடரைத் திறனாய்வு செய்வோம். 'சமூகக் காரணங்கள்' என்பது நல்ல தமிழா? சொல்லளவில் அது மிக மோசமான தொடர். கொன்றவர் இல்லை, கொல்லப்பட்டவர் இல்லை, கொலை என்ற சொல்லும் இல்லை. சமூகம் என்ற பெரும்போர்வை ஒன்று எல்லாவற்றின்மேலும் போர்த்தப்பட்டிருக்கிறது. இடக்கரடக்கலுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அகப்படாது.

ஆயினும் அதை எழுதிய செவிலியின் நிலையில் நின்று நினைத்துப் பாருங்கள். அவள் அந்த ஊருக்குத் தனியே நடந்து போகிறவள். 'கொலை' என்று எழுதினால் மறுநாள் போலீஸ் வரும். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்து நேற்றுப் பெற்றவள் சிறைக்குப் போவாள். முடிவெடுத்த மாமியாரும் கணவனும் வெளியே நிற்பார்கள். அடுத்த முறை அவளுக்கு அவ்வூரில் ஒரு கதவும் திறவாது. 'காய்ச்சல்' என்று எழுதினால் தொல்லை இல்லை. ஆனால் அது பொய். இவ்விரண்டுக்கும் இடையே நின்று அவள் ஒரு தொடரைப் பற்றிக்கொண்டாள். ஊராருக்கு அது இடக்கரடக்கல். இலாகாவினருக்கு அது குழூஉக்குறி. எல்லாச் செவிலியரும் அதே தொடரை ஒருபடித்தாய் எழுதியமையால், பின்னர் ஒருவர் வந்து எண்ண முடிந்தது. ஒருவர் 'காய்ச்சல்' என்றும் மற்றொருவர் 'மூச்சுத்திணறல்' என்றும் எழுதியிருந்தால் அக்குழந்தைகள் என்றென்றைக்கும் நோயால் இறந்தவராகவே இருந்திருப்பர்.

எனவே அந்தச் செவிலியை நான் குறைகூறேன். உண்மையை நேரே எழுதினால் எழுதுகிறவளுக்கும் ஆபத்து, எழுதப்படுகிறவளுக்கும் ஆபத்து என்ற நிலையை வைத்துக்கொண்டு, அவளிடம் மறைசொல்லைத்தான் எதிர்பார்க்க முடியும். குறை அந்த நிலையைச் சேர்ந்தது.

இதற்கு நேர்மாறான முறையும் இந்திய நாட்டில் முன்பே நடந்ததுண்டு. 1870-ல் வெள்ளை அரசாங்கம் பெண்சிசுக் கொலைத் தடைச் சட்டம் ஒன்று இயற்றி, வட இந்தியாவில் ஐயத்துக்குரிய ஊர்களை அறிவித்து, பிறப்பு இறப்புக் கணக்கைப் போலீசார் கையில் ஒப்படைத்தது. ஏடும் விலங்கும் ஒரே கையில் இருந்தால், ஏட்டைக் கண்டவுடன் ஊர் வாய்மூடும். தொண்டு செய்ய வந்த செவிலியிடம் சொல்லுவதை மக்கள் தண்டிக்க வந்தவரிடம் சொல்லமாட்டார்கள்.

இனி, பாலுக்குக் கொடுக்கலாமே என்ற என் நண்பருக்கு விடை. எங்கே, எப்போது, எந்தக் குழந்தை என்று தெரிந்த பின்னர்தான், 1997 முதல் 1999 வரை தருமபுரி மாவட்டத்தில் கலைக்குழுக்கள் ஊர் ஊராகச் சென்று பாட்டாலும் கூத்தாலும் மக்களிடம் பேசும் இயக்கம் நடந்தது. இரண்டாவது பெண்ணைச் சுமந்திருக்கும் தாயின் வீட்டுக்கு, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் செவிலி சென்று வரவேண்டும் என்பதும் தெரிந்தது. கணக்கில்லாத காலத்தில் பாலைக் கொண்டு எந்த வீட்டுக்குப் போவது?

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். பின்னாளில் கருவிலேயே பெண்ணென்று கண்டு அழிக்கும் தீமை பரவிற்று. இறப்பேடு பிறந்த குழந்தையை மட்டுமே அறியும். ஆகவே ஏட்டில் எண் குறைந்ததெல்லாம் கொடுமை குறைந்ததாகாது.

பெயரிட்ட ஊரிலேயே

மேல்நாட்டு ஏடுகள் இதனின் மேம்பட்டவை என்று யாரும் எண்ணவேண்டா. 1946-ல் ஜான் காஃபி என்னும் எக்ஸ்ரே மருத்துவர், சில கைக்குழந்தைகளின் எலும்புகளில் பல முறிவுகளும் மண்டைக்குள் இரத்தக்கட்டும் சேர்ந்திருப்பதை எழுதினார். அவை எவ்வாறு நேர்ந்தன என்பதைத் துணிந்து சொல்லவில்லை. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1962-ல், கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் இருந்த ஹென்றி கெம்ப்பேயும் அவர் தோழர்களும் அதற்குப் 'அடிபட்ட குழந்தை நோய்க்கூறு' என்று பெயரிட்டார்கள். பெயர் பிறந்ததும் சட்டங்கள் பிறந்தன. மருத்துவர் ஐயுற்றால் அறிவித்தே ஆகவேண்டும் என்று அமெரிக்க மாநிலங்கள் சில ஆண்டுகளிலேயே விதித்தன.

அதே கொலராடோவில் 1990 முதல் 1998 வரை கொடுமையாலும் புறக்கணிப்பாலும் இறந்த குழந்தைகளின் இறப்புச் சான்றிதழ்களைப் பின்னர் ஆராய்ந்தார்கள். ஏறத்தாழப் பாதியளவு சான்றிதழ்களில்தான் அக்காரணத்துக்குரிய குறியீடு இருந்தது. நோய்க்குப் பெயரிட்ட ஊரிலேயே பாதிக் குழந்தைகள் அப்பெயரின்றிப் புதைக்கப்பட்டனர். சான்றிதழில் பொய் இருந்ததா? பெரும்பாலும் இல்லை. 'மண்டைக்குள் இரத்தக்கசிவு' என்று எழுதியிருக்கும். அது உண்மையே. அந்த இரத்தம் ஏன் கசிந்தது என்பதற்கு ஒரு வாக்கியம் தேவை. கட்டத்தில் ஒரு சொல்லுக்கே இடம் இருந்தது.

புறக்கணிப்பால் நேரும் இறப்பு இன்னும் கடினமானது. அமெரிக்கக் கணக்குப்படி கொடுமையால் இறக்கும் குழந்தைகளுள் நான்கில் மூன்று பங்கினரின் இறப்பில் புறக்கணிப்பு ஒரு காரணமாக உள்ளது. 'அடித்தான்' என்பது உடன்பாட்டு வினை. அதற்குக் காயம் சான்று. 'ஊட்டவில்லை', 'மருத்துவரிடம் கொண்டுபோகவில்லை', 'தண்ணீர்த் தொட்டியருகே தனியே விட்டுப்போனாள்' என்பவற்றில் செய்யாமையே செயல். எதிர்மறை வினைக்கு உடம்பில் தழும்பு இராது. நம் செய்தித்தாள்கள் இதனைக் 'கவனக்குறைவு' என்று மொழிபெயர்க்கின்றன. கணக்கில் ஒரு சுழியை விட்டுவிடுவது கவனக்குறைவு. ஒரு பிள்ளையை மாதக்கணக்கில் பசியில் விடுவது கவனக்குறைவாகுமா? புறக்கணிப்பு என்று எழுதுவதே முறை. சொல் மெலிந்தால் குற்றமும் மெலிந்து தோன்றும்.

பணம் எதை வாங்கவேண்டும்?

1978-ல் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் ஓர் எளிய முறை தோன்றியது. பிரேத விசாரணை அதிகாரி, போலீசார், மருத்துவர், சமூகநல ஊழியர் ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்து, ஐயத்துக்குரிய ஒவ்வொரு குழந்தை இறப்பையும் குறித்துத் தத்தம் ஏட்டில் உள்ளதை வாய்விட்டுப் படிப்பது. ஒருவர் ஏட்டில் 'விழுந்தது' என்றிருக்கும். மற்றவர் ஏட்டில், அதே குழந்தை இரண்டு மாதத்துக்கு முன்பும் 'விழுந்து' மருத்துவமனைக்கு வந்ததென்று இருக்கும். மூன்றாமவர் ஏட்டில் அந்த வீட்டைப்பற்றிய புகார் இருக்கும். தனித்தனியே மூன்றும் அரைகுறைச் சொற்கள். சேர்த்துப் படித்தால் ஒரு வாக்கியம்.

இம்முறை அமெரிக்கா எங்கும் பரவியது. 2002 முதல் இதற்கென ஒரு தேசிய நிலையம் மத்திய அரசாங்க நிதியில் நடந்துவருகிறது. எனினும் 2009ஆம் ஆண்டுக்கு 1,770 குழந்தைகள் என்று வந்த தேசியக் கணக்கு உண்மையினும் குறைந்ததாகவே இருக்கும் என்று, 2011-ல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமே அறிவித்தது. பல மாநிலங்கள் குழந்தைநல இலாகாவின் ஏட்டை மட்டும் பார்த்து எண்ணியதே அதற்குக் காரணம். அதன்பின் சட்டத்தால் அமைந்த ஆணையம் ஒன்று 2016-ல் தன் அறிக்கையைத் தந்தது. 2022ஆம் நிதியாண்டின் கணக்கு 1,990. இங்கிலாந்தில் 2008 ஏப்ரல் முதல் ஒவ்வொரு குழந்தையின் இறப்பையும் வட்டாரக் குழுக்கள் ஆராய்தல் சட்டக்கடமையாயிற்று. 2019 ஏப்ரல் முதல் அவ்வாய்வுகள் யாவும் அரசாங்க நிதியில் நடக்கும் ஒரே தேசியத் தொகுப்பில் சேர்கின்றன.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்றே. புள்ளிவிவரத்துக்கான பணம் கணிப்பொறி வாங்குவதில் கரைந்துவிடலாகாது. எழுதுகோல் பிடித்தவருக்கு மூன்று பொருள்களை அது வாங்கித் தரவேண்டும். கேட்டறிய நேரம், சரியான சொல்லைத் தேர்ந்தெழுதப் பயிற்சி, உண்மை எழுதியமைக்காக இன்னலுறாத பாதுகாப்பு. இவை மூன்றும் தமிழ்நாட்டுச் செவிலிக்கு இருந்திருந்தால் 'சமூகக் காரணங்கள்' என்ற தொடரே தேவைப்பட்டிராது.

நம் நாட்டு ஏடுகள்

நம் நாடும் இத்துறையில் கைகட்டி நின்றதில்லை. 1985-ல் கோலாலம்பூர்ப் பொது மருத்துவமனையில் குழந்தைக் கொடுமையைக் கவனிக்கும் தனிக்குழு ஏற்பட்டது. 1990-ல் இரண்டு வயது கடந்த தமிழ்க் குழந்தை ஒன்று கொடுமையால் இறந்தது நாட்டின் மனச்சாட்சியை உலுக்கியது. மறு ஆண்டே சிறார் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, மருத்துவர் அறிவிப்பது கடமையாயிற்று. 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் அதன் இடத்தைப் பெற்று 2002-ல் நடைமுறைக்கு வந்தது. 2016-ல் செய்த திருத்தத்தால் கொடுமை செய்தார்க்குத் தண்டனை 20 ஆண்டுச் சிறை, 50,000 ரிங்கிட் அபராதம் வரை உயர்ந்தது. 2023-ல் சிறார் மேம்பாட்டுக்கெனத் தனி இலாகாவும் தோன்றியது. ஒரு தமிழ்ப்பிள்ளையின் இறப்பு நாட்டின் எல்லாப் பிள்ளைகளுக்கும் சட்டமாயிற்று என்பதை நம் மாணவர்க்கு நாம் சொல்லியிருக்கிறோமா?

ஆயினும் ஏடுகள் நான்காகவே உள்ளன. பதிவு இலாகா இறப்பை எண்ணுகிறது. மருத்துவமனை நோயாளியை எண்ணுகிறது. போலீஸ் வழக்கை எண்ணுகிறது. சமூகநல இலாகா காப்பாற்றக் கொண்டுவரப்பட்ட பிள்ளையை எண்ணுகிறது. இறந்த குழந்தை இந்நான்கிலும் நான்கு பெயரில் இருக்கலாம். செய்தித்தாளில் நாம் அடிக்கடி படிப்பது: 'போலீசார் இதனைத் திடீர் மரணம் என வகைப்படுத்தியுள்ளனர்.' விசாரணையின் தொடக்கத்தில் இடும் பெயர் அது என்பதையும், பின்னர் மாறக்கூடும் என்பதையும் அறிவேன். ஆனால் திடீர் என்பது காலத்தைக் குறிக்கும் சொல், காரணத்தைக் குறிப்பதன்று. பெயர் மாறியபின் அம்மாற்றம் மற்ற மூன்று ஏடுகளுக்கும் போய்ச் சேரவேண்டும். அதற்குத்தான் ஆளும் பணமும் வேண்டும்.

இன்னொன்று. நம் நாட்டு இறப்புப் புள்ளிவிவரம் மருத்துவரால் சான்றளிக்கப்பட்டவை, அல்லாதவை என்று இருவகையாக வெளிவருகிறது. அல்லாதவற்றின் காரணத்தை அறிய, வீட்டாரிடம் முறைப்படி கேட்டறியும் வாய்மொழி ஆய்வைச் சுகாதார அமைச்சு கையாண்டுள்ளது; 2013ஆம் ஆண்டின் இறப்புகளைக் கொண்டு அம்முறையைச் சோதித்தும் பார்த்தது. இங்கே தமிழாசிரியர்க்கு வேலை உண்டு. தாய் தமிழில் 'மாந்தம்' என்கிறாள். அதிகாரி மலாயில் 'வயிற்றுவலி' என்று எழுதுகிறார். 'சீர் தட்டிவிட்டது' என்கிறாள். அவர் எதுவும் எழுதாது விடுகிறார். அத்தகைய சொற்களைத் திரட்டி, ஒவ்வொன்றின் பின்னும் எவ்வெந் நோய்க்குறிகளைக் கேட்டறிய வேண்டும் என்று விளக்கும் சிறு கையேடு ஒன்றை நாம் ஆக்கித் தரலாம். அஃது அரசாங்கம் நிதி தரத்தக்க நூல். சொல்லாராய்ச்சி என்று நாம் பெருமையாகப் பேசுவது இத்தகைய இடத்தில் அன்றோ பயன்படவேண்டும்?

என் ஏடு

பிறர் ஏட்டைக் குறைகூறியவன் தன் ஏட்டையும் திறந்து காட்டவேண்டும்.

முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், பயிற்சி முடித்து வந்த புதிதில், ஒரு தோட்டப் பள்ளியில் முதலாம் ஆண்டு வகுப்பை எனக்குத் தந்தார்கள். வருகைப் பதிவேட்டில் கோடு பிசகாமல் எழுதப் பயிற்சியில் கற்றிருந்தேன். அவ்வகுப்பில் ஒரு பையன் வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான். வரும் நாளில் முழங்கைக்கு மேல் கன்றிப்போயிருக்கும். "என்னடா?" என்றால், "விழுந்துட்டேன் சார்" என்பான். நான் 'உடல்நலக் குறைவு' என்று எழுதினேன். மூன்று வாரம் தொடர்ந்து அதையே எழுதினேன். ஒரு காலையில் அலுவலகத்து ஆள் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "சார், அந்தப் புள்ள தவறிப்போச்சாம்." நான் சிவப்பு மையால் அவன் பெயரின்மேல் ஒரு கோடு இழுத்தேன். நேர்கோடு, அளவுகோல் வைத்து இழுத்தேன். காரணம் எழுத அந்த ஏட்டில் கட்டம் இல்லை, நானும் கேட்கவில்லை.

அவன் விழுந்தானா, வீழ்த்தப்பட்டானா என்பதை இன்று எந்த ஏட்டிலும் தேடிக் காணமுடியாது. அறியக்கூடியவர்களுள் ஒருவன் நான், அறிந்துகொள்ளாமல் இருந்தேன். 'உடல்நலக் குறைவு' என்பது என் இடக்கரடக்கல். தமிழ்நாட்டுச் செவிலிக்காவது ஊரின் அச்சம் இருந்தது. எனக்கு இருந்தது வீண் சங்கடம் ஒன்றே. ஆதலின் 'பிள்ளை தவறிவிட்டது' என்று கேட்கும்போதெல்லாம் அத்தொடரின் எழுவாயை நான் மாற்றிப் படிக்கிறேன்.

2001ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்தே ஆகவேண்டியவர் என்று மருத்துவரையும் குடும்பத்தாரையும் பிள்ளை பராமரிப்போரையும் பெயர்சொல்லிக் கூறுகிறது. அவ்வரிசையில் ஆசிரியர் என்ற சொல் தனியே இல்லை. சட்டம் பெயர் சொல்லாவிட்டால் என்ன? நாள்தோறும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிறவர் நம்மையன்றி வேறு யார்? 15999 என்ற தாலியான் காசே எண்ணை அழைக்க ஆசிரியர்க்குத் தடையில்லை. சிலிம் ரிவர் போன்ற சிற்றூரில், பிள்ளையின் வீட்டையும் அவன் உறவினரையும் பள்ளி அறிந்த அளவுக்கு வேறெந்த அலுவலகமும் அறியாது. நம் நாட்டிலும் நான்கு ஏடுகளை ஒரே மேசையில் விரிக்கும் குழுக்களுக்கு அரசாங்கம் நிதி தரவேண்டும் என்று கேட்போம். அம்மேசையில் ஐந்தாவது நாற்காலி ஒன்று பள்ளிக்கு வேண்டும் என்றும் கேட்போம். வருகைப் பதிவேடு, காப்பாற்ற இன்னும் காலம் இருக்கும்போதே எழுதப்படும் ஏடு. மற்ற ஏடுகளுள் பல காலம் கடந்தபின் எழுதப்படுகின்றன.

இன்று வருகையைக் கணினியில் ஏற்றுகிறோம். வராத பிள்ளைக்கு எதிரே ஒரு காரணத்தைத் தட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறோம். சிவப்பு மையும் அளவுகோலும் போய்விட்டன. ஒரு சொல்லால் மூடிவிடும் வசதி மட்டும் போகவில்லை. ஆசிரிய நண்பர்களே, மூன்றாம் முறையும் அதே காரணத்தை இடவேண்டி வந்தால், இடுமுன் எழுந்து அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஒருமுறை நடந்து போய் வாருங்கள்.

எண்ணுதல் என்னும் சொல்லுக்குக் கணக்கிடுதல் என்றும், நினைத்தல் என்றும் நம் மொழியில் இரு பொருள் உண்டு. அப்பையனை நான் கணக்கிட்டேன், நினைக்கவில்லை. அரசாங்கம் தரும் நிதியால் முதற்பொருளை வாங்கலாம். இரண்டாவது நம் கையில் இருக்கிறது.